நாற்பத்தேழாம் பக்கம்

அன்புள்ள அக்ஷிதாவுக்கு,

சூலூரில் உன் தாய்வீட்டில் நீயும் அத்தையும் மாமாவும் நலம் என நம்புகிறேன். புற்றுக்கட்டிக்கு மருந்தாக நீ உருவாக்கிய யுராசில் சேர்மத்துக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுத, உன் ஆய்வகக் குறிப்பேட்டை இன்றுதான் முதன்முறையாக முழுமையாகப் படித்தேன்.

முதன்முறை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்ற வரியின் கீழ்ச் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. “ஏனுங்க வக்கீலே, படிக்காமயே போடறீங்க. ஒரு நாளைக்கு ஊட்டையே எழுதி வாங்கிப்போடுவேன், பாருங்க” என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

நாற்பத்தேழாம் பக்கம், மார்ச் பதினொன்று. கையுறை கிழிந்து அந்தச் சேர்மத்தின் கரைசல் மணிக்கட்டில் பட்டதாகவும், கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்ததாகவும் எழுதியிருக்கிறாய். பெருகும் செல் எதுவானாலும் அதன் வளர்ச்சியை அந்தச் சேர்மம் நிறுத்திவிடும் என்பதும் உன் எழுத்தே.

பிரசவத்துக்கு மருத்துவர் குறித்த தேதியிலிருந்து பின்னோக்கி மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். அன்று உன் வயிற்றில் நம் குழந்தைக்கு ஐந்து வாரம். அப்போது நமக்கே தெரியாது.

தெரிந்த பிறகும் நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்கும் உரிமை எனக்கில்லை. அந்தப் பக்கத்திலும் என் கையெழுத்து இருக்கிறது.

நாளைக் காலை ஒன்பது மணிக்குச் சூலூருக்கு வருகிறேன். மருத்துவரிடம் பக்கத்தை நானே காட்டுகிறேன். அவர் பதில் சொல்லும்வரை என் கையை மட்டும் விட்டுவிடாதே, அம்மணி.

உன் கணவன்