டர்போவுக்குப் பிடித்த முதலை

ஜூலை 17, புதன்

மகள் ஹெட்டியின் பள்ளியில் இன்று நாய்க்கு வாசிக்கும் நாள். நாயின் பெயர் டர்போ. பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்றது. இப்போது அதற்குப் பிழைப்பே தூக்கம்தான். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். நாய் திருத்தாது, சிரிக்காது, கூச்சம் போகும் என்று ஏற்பாடு.

ஹெட்டியின் முறை வந்ததும் மற்ற பிள்ளைகளும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். பண்ணையைப் பற்றிய புத்தகம். குரலில் என்ன ஏற்ற இறக்கம்! முதலை வந்து டிராக்டரை விழுங்கியபோது எனக்கே திக்கென்றது. நாயின் சொந்தக்காரர் க்ளெனிஸ் என் தோளைத் தட்டி, "உன் பொண்ணுதான் கண்ணு இங்க நம்பர் ஒன்னு. ஒண்ணாங்கிளாஸ்ல இப்படி வாசிச்சு நான் பார்த்ததில்ல" என்றார்.

வாயெல்லாம் பல்லாக வண்டி ஓட்டி வந்தேன்.

ஜூலை 19, வெள்ளி

அந்தப் பண்ணைப் புத்தகம் இன்று வீட்டுக்கு வந்தது.

அதில் முதலை இல்லை.

முன்னும் பின்னும் புரட்டிவிட்டேன். பக்கத்துக்கு ஒரு வரி. இதோ பசு. இதோ பன்றி. இதோ டிராக்டர். ஹெட்டியை வாசிக்கச் சொன்னேன், முதலை வந்தது. படத்தை என் கையால் மூடிக்கொண்டு, "இது என்ன சொல்லுடா தங்கம்?" என்றேன். என் கையைப் பார்த்தாள். "கை" என்றாள்.

பால் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. ஒரு லாரிப் பாலில் தண்ணீர் கலந்திருந்தால் ஒரு துளியில் பிடித்துவிடுவேன். என் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை ஒரு வருஷமாக — எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? படிப்பு வராமலே போய்விட்டால்?

ஜூலை 23, செவ்வாய்

பப்பாஸ் டீச்சரைப் பார்த்தேன். இந்த வருஷம்தான் வந்தவர், சின்ன வயசு. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. போன வருஷம் வரை இங்கே கற்றுக்கொடுத்ததே அப்படித்தானாம்: படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், மிச்சத்தை ஊகி. கெட்டிக்காரப் பிள்ளைகள் நன்றாக ஊகிக்கும், அதனால் மாட்டாமலே வளரும். இப்போது எழுத்தின் ஒலியை வரிசையாகச் சொல்லிக்கொடுத்து, கூட்டி வாசிக்க வைக்கிறார்கள். எத்தனையோ வருஷ ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன என்றார். ஊகிக்க வழியே இல்லாமல், அர்த்தமில்லாத சொற்களை வைத்துச் சோதிப்பார்களாம். அதைக் கொடுத்தபோது ஹெட்டி, "இது சொல்லே இல்ல டீச்சர், நீங்க தப்பா எழுதியிருக்கீங்க" என்று இரக்கத்தோடு சொன்னாளாம்.

"வீட்ல தினம் பத்து நிமிஷம். அதுக்கு மேல வேணாம். முக்கியமா நீங்க பதறாதீங்க."

நான் எங்கே பதறுகிறேன்?

ஜூலை 28, ஞாயிறு

ஹெட்டியின் அப்பா ப்ரோடியிடம் சொன்னேன் — பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தானாகக் கட்டிவிடுகிறாள் என்று. "அதுல என்ன தப்பு? டிராம்போலின நானும் படத்தப் பாத்துத்தான மாட்டுனேன்" என்கிறான்.

தோட்டத்தில் நிற்கும் அந்தக் குதிமேடையில் மாட்டாமல் மிச்சமான நான்கு போல்ட்டுகள் ஜன்னல் ஓரத்திலேயே கிடக்கின்றன. நான் யாரையும் குதிக்க விடவில்லை. இவளுக்கு இது யாரிடமிருந்து வந்தது என்று இனி ஆராய வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பத்து நிமிஷம் இன்று ஐம்பதாகிவிட்டது. இப்போது தரும் புத்தகங்களில் சொல்லிக்கொடுத்த ஒலிகள் மட்டும்தான் வரும். 'சாம் பாயில் உட்கார்ந்தான். பாய் ஈரம்.' முடிந்தது.

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"ஏன் ஈரம்?"

எனக்கும்தான் தெரியவில்லை. டர்போவுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று அழுதாள். நான் குளியலறைக்குப் போய் அழுதேன். பப்பாஸ் டீச்சருக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல். ஒரே வரியில் பதில்: பத்து நிமிடம் என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

க்ளெனிஸ் போன் செய்தார். பள்ளியின் புத்தக வார விழாவன்று எல்லாப் பெற்றோர் முன்னிலையிலும், மேடையில், மைக் வைத்து, ஹெட்டி டர்போவுக்கு வாசிக்க வேண்டுமாம். "ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொன்னால், பிள்ளை தலைநிமிர்ந்து உட்காரும் ஒரே இடம் போய்விடும். சொல்லாவிட்டால், முன்வரிசையில் யாராவது புத்தகத்தை எட்டிப் பார்த்தாலே போதும். டீச்சரைக் கேட்டால், "அவகிட்டயே கேளுங்க" என்கிறார். கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

கடையில் ரொட்டி உறையின் மேல் இருந்த ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக இழுத்து, கூட்டி, சொல்லிவிட்டாள். சரியாக. ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. இதுவரை என் முகத்தையும் பார்த்துத்தான் ஊகித்திருக்கிறாள். நானும் ஒரு படமாகத்தான் இருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, புதன்

புத்தக வார விழாவுக்குப் பிள்ளைகள் ஏதாவது புத்தகத்தில் வருபவராக வேடமிட்டு வர வேண்டும். ஹெட்டியின் மாறுவேடம் முதலை. எந்தப் புத்தகத்து முதலை என்று கேட்டவர்களுக்கு, "என்னோடது" என்றாள்.

மேடையில் அதே பண்ணைப் புத்தகம். டர்போ ஏறியதும் படுத்துவிட்டது. ஹெட்டி முதலை வாலை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். வரியில் விரலை வைத்தாள்.

இ... தோ. ப... சு. இதோ பசு.

பன்றி வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. மைக்கில் டர்போவின் குறட்டை மட்டும் கேட்டது. முன்வரிசைப் பையன் பொறுக்க முடியாமல், "ஹெட்டி, முதலை எங்க?" என்றான். வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள்.

அவள் நிமிர்ந்து, "இதுல முதலை இல்ல. நல்லா பாத்துட்டேன். நானா போட்டதுதான் அது" என்றாள். மறுபடி விரலை வைத்து, டிராக்டர் வரை இழுத்துச் சேர்த்துவிட்டாள்.

"என்னாச்சு கண்ணு இவளுக்கு? நல்லாதான வாசிச்சிட்டிருந்தா" என்று க்ளெனிஸ் என் காதில் கவலைப்பட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினேன். பின்னால் சுவரோரம் பப்பாஸ் டீச்சர் நின்றிருந்தார். என்னிடம் பதறாதீர்கள் என்றவர், நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆறுதலுக்காக க்ளெனிஸ் வாசலில் பூசணி சூப் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னத்தைச் சொல்ல? நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

டிராம்போலினை மாட்டும் முறை அச்சிட்ட தாளை ஹெட்டி ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி வாசிக்க, ப்ரோடி மூன்று போல்ட்டுகளை மாட்டிவிட்டான். ஒன்று மிச்சம். அந்த வரியில் இருக்கும் ஒலி அடுத்த வாரம்தான் சொல்லிக்கொடுப்பார்களாம். அதுவரை குதிக்கக் கூடாது என்று அவளே சட்டம் போட்டுவிட்டாள்.

செப்டம்பர் 11, புதன்

ஹெட்டி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாள். நான்கு தாள், நடுவில் ஸ்டேப்ளர் ஊசி. முதலை முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. படம் ஒன்றுகூட இல்லை.

"படம் எங்கடி?"

"படம் போட்டா பசங்க ஊகிச்சிருவாங்கம்மா. வாசிக்கட்டும்."

டர்போவுக்குக் காட்டுவதற்கு முன்னால் வாசித்துப் பார்க்க எனக்குத்தான் முதல் வாய்ப்பாம். மூன்றாவது பக்கத்தில் ஒரு சொல் எனக்குப் பிடிபடவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"என்னப் பாக்காதம்மா. எழுத்தப் பாரு."

விரலை வைத்தேன்.