வார இறுதிப் பக்கத்தின் இரண்டு தலைப்புகள்

அன்புள்ள மகனுக்கு, அப்பா சொல்லத் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் உடம்பைப் பார்த்துக்கொள். கீழ்வீட்டு டாக்டரம்மா உன் ஊருக்கு வருவதால் இதைக் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். வழக்கம்போல வாரச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அரசியலில், தலைவர் மறுபடியும் ஜெயித்துவிட்டார், நம் பத்திரிகையின் வார இறுதிப் பக்கத்தில் மட்டும் தோற்றுவிட்டார். பக்கம் சீக்கிரம் அச்சுக்குப் போக வேண்டும் என்பதால் எப்போதும்போல ஜெயித்தார், தோற்றார் என்று இரண்டு தலைப்பும் தயாராக வைத்திருந்தேன், முடிவு வந்த அவசரத்தில் தப்பானதை அனுப்பிவிட்டேன். முடிவெட்டுகிறவர், "உங்க புண்ணியத்துல காலைல ஒரு மணி நேரம் நிம்மதியா இருந்தோம் சார்" என்கிறார். வணிகத்தில், சர்க்கரை விலை ஏறிவிட்டது, நூல் ஆலையை மூடிவிட்டார்கள், நமக்கும் விளம்பரம் குறைவு. விளையாட்டில், இறுதி ஆட்டத்தில் நம் பசங்கள் கடைசி நிமிஷத்தில் கோல் வாங்கித் தோற்றார்கள், அதற்கு மட்டும் சரியான தலைப்பு போட்டேன். எனக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். நீ இருபதாம் தேதி வருவதற்குள் எல்லாம் சரியாகிவிடும், அம்மா இப்போதே உன் மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு. ஆசீர்வாதங்களுடன், அப்பா.

அண்ணா, இனி வருவது அப்பாவுக்குத் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், கவரை ஒட்டுவது என் வேலைதானே. அப்பாவுக்கு ஓய்வு இல்லை, வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். தலைப்பு கை தவறிப் போனது என்பதை ஒருவரும் நம்பவில்லை, வெளிநாட்டிலிருந்து யாரோ சொல்லித்தான் போட்டார் என்கிறார்கள். நீ அங்கிருந்து வெட்டி அனுப்பும் செய்திகளை அப்பா அந்தப் பக்கத்தில் போடுவார் அல்லவா, அந்தக் கவர்களை எல்லாம் போலீஸ்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தினமும் காலையில் அவரை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி, சாயங்காலம் வரை ஒரு பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். ஒன்றுமே கேட்பதில்லையாம், அதுவே நல்லதுக்குத்தான் என்கிறார். போன் பண்ணாதே, பேசும்போது நடுவில் யாரோ மூச்சு விடுவது கேட்கிறது. நேற்று பள்ளிக்கூட வாசலில் ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே, "என்ன பாப்பா, அண்ணன் எப்ப வர்றான்? உனக்கு என்ன வாங்கிட்டு வர்றான்?" என்று கேட்டார். அப்பாவின் ஆபீஸ் ஆள் என்று நினைத்து, இருபதாம் தேதி, காலை விமானம், எனக்கு ஷூ என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டபோதுதான் அவர் ஆபீஸ் ஆள் இல்லை என்று புரிந்தது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா அங்கே போய்ச் சண்டை போடுவார், பிறகு சாயங்காலம்கூட வீட்டுக்கு விடமாட்டார்கள்.

நீ வராதே அண்ணா. இங்கே எதுவும் சரியாகப் போவதில்லை. லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் அப்பாவுக்கு எழுது, அடுத்த வருஷமும் அதையே எழுது. இந்தத் தாளைப் படித்ததும் எரித்துவிடு. அம்மா அழுவாள். அங்கே போனதும் பெற்றவர்களை மறந்துவிட்டான் என்று அப்பா சொல்வார். நானும் அவர்களோடு சேர்ந்து உன்னைத் திட்டுவேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் தங்கை