நூற்றைம்பது டர்னுக்குள் உலக வங்கி

ஆடி 4, சனி

வெயில். துளிக் காற்று இல்லை. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். இடத்துக்காரப் பெரியவர் கண்ணை மூடினதும் பிள்ளை கடையைக் கேட்பான் என்றேன். கடைசியில் விளையாட்டில்தான் வந்து நிற்கும் என்றும் சொன்னேன். யார் கேட்டார்கள். காதர் பாய்கூடச் சிரித்தான்.

பிற்பாடு யாரும் மாற்றிப் பேசக் கூடாது என்பதால் எழுதி வைக்கிறேன். தி.நகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால் சந்து, அதில் காதர் பாயின் கம்ப்யூட்டர் சென்டர். எட்டு மெஷின், ஒரு ஜெராக்ஸ், ஒரு லேமினேஷன். பகலில் ஆதார் பிரிண்ட், கரண்ட் பில். சாயங்காலம் கேம். பிளாட்பாரத்தில் பெல்ட் விற்பதை நான் விட்டதிலிருந்து உட்கார்வது அங்கேதான். கிட்டத்தட்ட மேனேஜர். இடத்துக்காரர் மாசியில் காலமானார். இப்போது அவர் மகன் விக்னேஷ் (இனி வி.). முப்பத்திரண்டு வயது, ஐ.டி. வேலை. இதே எட்டு மெஷினில் கேம் ஆடி வளர்ந்தவன். ஆடி மாதம் முடிந்ததும் காலி பண்ணச் சொல்கிறான். துணிக்கடை குடோனுக்குக் கேட்கிறார்களாம்.

காதருக்குப் பதிலாக நான்தான் பேசினேன். பேச்சு எங்கெங்கோ சுற்றி 'நாகரிகம்' என்கிற கம்ப்யூட்டர் ஆட்டத்துக்கு வந்தது. ஒரே ஒரு ஊரில் ஆரம்பித்து, முறை மாற்றி மாற்றி ஆடி ராஜ்யம் கட்டும் ஆட்டம்; ஒரு முறை என்பது ஒரு டர்ன். சண்டையில் ஜெயிக்கலாம், ராக்கெட் விட்டு ஜெயிக்கலாம், பணத்தாலும் ஜெயிக்கலாம். பணம் என்றால் கஜானாவில் இருபதாயிரம் தங்கம், கூடவே உலக வங்கி என்ற கட்டடம். இரண்டும் இருந்தால் முடிந்தது.

"பணத்துல ஜெயிக்க எரநூறு டர்ன் ஆகும் அங்கிள். இந்த லெவல்ல அதுக்கு முன்னாடி யாரும் முடிச்சதில்ல" என்றான் வி.

"நான் நூத்திப் பன்னண்டுல முடிச்சிக்கீறேன்" என்றேன்.

எட்டு மெஷினிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வி. சிரித்தான். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான்: "சரி, எனக்கு எதிரா ஆடுங்க. நூத்தம்பதுக்குள்ள முடிச்சிட்டா இன்னும் ஒரு வருஷம் எழுதித் தர்றேன். வாடகைகூட ஏத்தல."

திங்கள் முதல் வெள்ளி. தினம் ஆறு மணிக்கு. நாளுக்கு முப்பது டர்ன்.

காதர் என்னைப் பார்த்த பார்வை. முப்பது வருடப் பழக்கத்தில் அப்படி ஒரு தரமும் பார்த்ததில்லை.

ஆடி 5, ஞாயிறு

காலையில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு பழகிப் பார்க்க இரண்டு ஆட்டம்.

முதலாவது: 150-இல் தங்கம் 6,200. வங்கி இல்லை.

இரண்டாவது: 90-இல் காட்டுமிராண்டிக் கூட்டம் வந்து தலைநகரைச் சூறையாடியது. நிறுத்திவிட்டேன்.

மவுஸ் ஒட்டுகிறது. இல்லாவிட்டால் கதையே வேறு.

காதர் டீ கொண்டுவந்தான். "இன்னா நைனா, கை வரலியா?"

"மெஷின சூடு பண்ணிக்கினு கீறேன்."

"ஞாயித்துக்கெழம மெஷின் ஆறிதான் கெடக்கும்" என்று போய்விட்டான்.

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். ஆனால் பொருளாதாரம் ரத்தத்திலேயே இருக்கிறது. ஒரு தீபாவளிக்கு ஒரே நாளில் எழுநூறு பெல்ட் விற்றிருக்கிறேன். (முந்நூறு என்று வைத்துக்கொண்டாலும் பெரிதுதான்.) பிளாட்பாரத்தில் கற்றதை வைத்துத் திட்டம்:

– முதல் ஊர் கடலோரம். பெயர் மாம்பலம்.
– படை வேண்டாம். காவலுக்கு இரண்டு ஆள்.
– கோயில், தோட்டம், சிலை எதுவும் கட்டாதே. சந்தை, துறைமுகம், திரும்பவும் சந்தை.
– போணி. முதல் பட்டுச் சரக்கைப் பக்கத்து ராஜாவுக்கு நஷ்டத்துக்குக் கொடு. நம்மிடம் வாங்கிப் பழகினவன் நம்மேல் படை அனுப்ப மாட்டான்.
– வியாபார வண்டியைத் தூரதேசத்துக்கு விடு. கிட்டத்தில் ஒரு பங்கு கிடைத்தால் தூரத்தில் மூன்று.
– 120 வரை தங்கத்தைத் தொடாதே. பிறகு உ. வங்கி.

எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆடி 6, திங்கள்

டர்ன் (இனி ட.) 1–30. ஊர் மூன்று: மாம்பலம், மயிலை, அடையாறு. தங்கம் 640.

தெருவெல்லாம் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு, நடுநடுவே நைட்டி விலை. வி. ஆபீசிலிருந்து அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தான். பட்டுச் சரக்கைப் போணி பண்ணினேன். பக்கத்து ராஜா, கம்ப்யூட்டர் ஆடுகிற ராஜாதான், சந்தோஷப்பட்டு ஒப்பந்தம் போட்டான்.

"இது எந்த வீடியோல பாத்தீங்க அங்கிள்?"

"வீடியோவா? ரங்கநாதன் தெருடா."

கூட்டம் சிரித்தது.

ஆடி 7, செவ்வாய்

மூன்று மணிக்கு நாலு தூறல். ட. 60. தங்கம் 2,900.

ஆட்டம் முடிந்ததும் காதர் தனியாகக் கூப்பிட்டான். "மச்சான் பெசன்ட் நகர்ல ஒரு எடம் பாத்துக்கீறான். சின்னது. மூணு மெஷின், ஒரு ஜெராக்ஸ் போடலாம். நாளிக்கு சாயங்காலத்துக்குள்ள ஆமாவா இல்லியான்னு சொல்லணுமாம். நீ இன்னா சொல்ற?"

எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. என் வாய் சொன்னது: "எட்டு மெஷின் வெச்சி ஆண்டவன் நீ. மூணு மெஷினுக்குப் போவியா? நான் எதுக்குக் கீறேன்?"

"ஒருவாட்டி செஞ்சி காட்டனவன் நீ. உன் வார்த்ததான் எனக்கு" என்றான்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே மந்தைவெளி வீட்டுக்கு வந்தேன்.

ஆடி 8, புதன்

ட. 90. தங்கம் 7,100. கணக்குப்படி பின்தங்கி இருக்கிறேன்.

ஆட்டத்துக்கு முன்னால், என் எதிரிலேயே, காதர் மச்சானுக்குப் போன் போட்டான். "வேணாம்டா. வேற யாருக்காச்சும் குடுத்துடு. நமக்கு இங்கியே ஒரு வருஷம் கன்ஃபாம்."

கன்ஃபாமாம்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி சரோஜா தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள். "இன்னா, ஒலகமே முழுகிப் போச்சா?"

"ராஜ்யம் நடத்தறவனுக்குப் பசி எடுக்காது."

"ராஜ்யத்த நாளிக்கு நடத்து. மாவு புளிக்குது."

வயிற்றெரிச்சல் மாத்திரை இரண்டு. அம்மன் கோயிலுக்கு எண்ணெய் நேர்ந்துகொண்டேன். எத்தனை லிட்டர் என்று சொல்லவில்லை, அம்மனுக்கே தெரியும்.

ஆடி 9, வியாழன்

ட. 120. தங்கம் 18,400. டர்னுக்கு நானூறு வருகிறது.

எனக்கே நம்பிக்கை இல்லை, திரும்பத் திரும்பப் பார்த்தேன். தூரதேச வண்டிகள் ஒன்பதும் ஒன்றாகச் சேர்ந்து கொட்டுகின்றன. இதையும் நான் எதிர்பார்த்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். எதிர்பார்க்கவில்லை.

வி. நாற்காலியில் சாய்ந்து தலையைச் சொறிந்தான். "நெஜமாவே ஆடறீங்க அங்கிள்."

காதர் பத்தாவது பாஸ், கணக்கு அவன்தான். காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டான். உ. வங்கியை உடனே வாங்க 7,000. கொடுத்தால் கையில் 11,400. டர்னுக்கு 400 வீதம் 142-இல் இருபதாயிரம் தாண்டிவிடும். எட்டு டர்ன் மிச்சம்.

காதர் ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்தான். மூன்று தரம்.

ஆடி 10, வெள்ளி

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

காலையிலேயே சரோஜா: "ஆடி வெள்ளி. கையிலர்ந்து காசு வெளிய போவக் கூடாது. பால்காரனயே நாளிக்கு வரச் சொல்லிட்டேன்." கோயிலில் கூழ் வாங்கிக் குடித்தேன். மனசு நிறைந்திருந்தது.

ஆறு மணி, ட. 121. திரையில் உ. வங்கிக்கு இரண்டு வழி. 7,000 கொடுத்து உடனே வாங்கு. இல்லாவிட்டால் ஊர் ஜனத்தை வேலைக்கு விடு, 29 டர்ன். 121-உம் 29-உம் 150. சரியாக உள்ளே வருகிறது. லட்சுமியை வெளியே அனுப்பவே வேண்டாம். அதுவும் ஆடி வெள்ளியில், விளக்கு வைக்கிற நேரத்தில், ஏழாயிரத்தை.

காதர் குனிந்து காதில் சொன்னான். "நைனா, வாங்கிடு. கணக்கு போட்டுக் கீது."

"வெள்ளிக்கெழம."

"அது நெஜத் தங்கமாடா? எனுக்கும்தான் வெள்ளிக்கெழம. ஜும்மா முடிச்சி காசு குடுத்துதான் பிரியாணி துன்னேன்."

"நான் முன்ன முடிச்சப்பகூட வேலைக்கு விட்டுத்தான் முடிச்சேன்" என்றேன்.

அவ்வளவுதான். அவன் பின்னால் போய் நின்றுகொண்டான். வேலையைத் தொடங்கினேன்.

138-இல் வி.யின் கப்பல் ஆறு வந்து மாம்பலம் துறைமுகத்தை அடைத்து நின்றது. என்னிடம் இருந்தது இரண்டே காவல். சரக்கு நின்றது, வேலை தளர்ந்தது. 150 என்று காட்டிய இடத்தில் 153. பரவாயில்லை, வெள்ளிக்கிழமையும் ஆச்சு மண்ணாங்கட்டியும் ஆச்சு, இப்போது வாங்கிவிடலாம் என்று அமுக்கினேன். பொத்தான் அமுங்கவில்லை. மவுஸை மாற்றினேன். அப்போதும் இல்லை.

"வேலை ஆரம்பிச்சிட்டா அப்புறம் வாங்க முடியாதே அங்கிள்" என்றான் வி. மெதுவாக. "ஆட்டத்தோட ரூல் அது. உங்களுக்குத் தெரியாதா?"

காதரும் கேட்டான். குரலில் கோபமே இல்லை. "முன்ன ஆடனப்ப எப்பிடிப் பண்ண?"

"அது வேற வெர்ஷன்" என்றேன்.

ட. 150. தங்கம் இருபத்தாறாயிரத்துச் சொச்சம். அத்தனையும் உள்ளேயே இருந்தது, ஒரு காசு வெளியே போகவில்லை. வங்கிக்கு இன்னும் மூன்று டர்ன்.

வி. தானே திரையை அணைத்தான். காதர் எட்டு நாற்காலியையும் நேராக இழுத்துப் போட்டான், நாளைக்கு ஆள் வரப்போவது போல.

ஆடி 11, சனி

மழை. சந்தில் முழங்கால் தண்ணீர். (கணுக்கால்.)

பெசன்ட் நகர் இடம் போய்விட்டது. வியாழனே யாரோ டிபன் கடைக்கு எடுத்துவிட்டார்களாம். காதர் இதைச் சொன்னபோது டோக்கன் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

பதினோரு மணிக்கு வி. வந்தான். குடையை மடக்கி வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவனுக்கும் தூக்கமில்லை போல.

"மூணு டர்ன்தான் அங்கிள். நான் பயந்துட்டேன், பொய் சொல்லல. எனக்கும் இந்தக் கடைய மூட ஆசையா என்ன? மூடாம விட வீட்ல அம்மாவுக்கு ஒரு காரணம் சொல்லணும், அதான்." கொஞ்சம் நிறுத்தினான். "நீங்க நூத்திப் பன்னண்டுல முடிச்ச ஆட்டம் இங்கதான ஆடினீங்க? முடிஞ்ச ஆட்டமெல்லாம் மெஷின்ல அதுவா பதிஞ்சிருக்கும். அதக் காட்டுங்க. நூத்தம்பதுக்குள்ள முடியும்னு என் கண்ணால பாத்துட்டா, நேத்து ஆனத பேட் லக்குன்னு விட்டுட்றேன். வருஷம் உங்களுது."

காதர் நிமிர்ந்தான். ஒரு வாரத்தில் இறங்கியிருந்த முகம் ஒரு நொடியில் ஏறிவிட்டது. "எந்த மெஷின் நைனா?"

"ஆறாம் நம்பர்" என்றேன். கேட்காமலேயே மேலும் சொன்னேன். அன்றைக்கும் இதே மாதிரி மழை, பதினாறு பேர் சுற்றி நின்றார்கள், முடிந்ததும் கைதட்டல் ரோடு வரை கேட்டது. சொல்லச் சொல்ல எனக்கே அந்தக் கைதட்டல் கேட்டது.

"நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன்" என்றான் வி. காதர் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

ஆடி 12, ஞாயிறு

காலை எட்டு. வானம் வெளிவாங்கி இருக்கிறது. காதர் போன் பண்ணினான். சட்டை இஸ்திரி போட்டாயிற்றாம். ஆறாம் நம்பரைத் துடைத்து, புது மவுஸ் மாட்டி வைத்திருக்கிறானாம். வி.க்கு இனிப்பு என்ன வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறான். பால்கோவா என்றேன்.

என்ன சொல்லலாம்:

– மெஷினில் அழிந்துவிட்டது. (காதர் எதையும் அழிக்க மாட்டான். முதல் வாடிக்கையாளரின் பயோடேட்டாகூட வைத்திருக்கிறான்.)
– ஆறு இல்லை, நாலாம் நம்பர். (நாலையும் திறந்து பார்ப்பார்கள். எட்டையும் பார்ப்பார்கள்.)
– உடம்பு சரியில்லை. (காதர் ஆட்டோ பிடித்து இங்கே வந்துவிடுவான்.)

சரோஜா இரண்டாம் காபி வைத்துவிட்டுப் போனாள். ஆறுகிறது.

இங்கே எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதிவிடுகிறேன். நான் எந்த ஆட்டத்தையும் முடித்ததில்லை. 112 என்பது கரண்ட் போன டர்ன். அப்போது என் கஜானாவில் நானூற்றுப் பத்து தங்கம் இருந்தது, ஐந்து ராஜாக்களில் நான் ஐந்தாவது. பதினாறு பேர் இல்லை. கைதட்டலும் இல்லை. ஜெராக்ஸுக்கு வந்த ஒரு அம்மா மட்டும் இருட்டில் நின்று, கரண்ட் எப்போது வரும் என்று என்னைக் கேட்டாள்.