ரத்தம் விட்டுப்போன இரும்பு

ஜனவரி 14, செவ்வாய்

மறுபடியும் சொதப்பல். மூளையில் ரத்தம் கசிந்த எலிகளின் மூளையைச் சோதித்தால், கசிந்த பக்கத்திலும் இரும்பு, கசியாத பக்கத்திலும் இரும்பு. கசிந்த பக்கத்தில் மட்டும்தானே இருக்க வேண்டும்? கூட்டத்தில் பக்கத்து ஆய்வகத்து ராட்னி ஆரம்பித்துவிட்டான். "என்ன கொரீன், உன் எலிங்க ஆணி தின்னுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆய்வகத் தலைவர் டாக்டர் ஹூக்ஸ்ட்ரா மட்டும் சிரிக்கவில்லை. "மார்ச் வரைக்கும் பாக்கலாம்மா. அப்பவும் இப்படியே இருந்தா இந்த ஆய்வை மூடிடலாம்" என்றார்.

மூடுவதா? முடியாது.

ஜனவரி 19, ஞாயிறு

அண்ணன் டேல் வீட்டில் சாப்பாடு. இன்னும் இடது கையால்தான் சாப்பிடுகிறான். போன வருஷம் அவன் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. கசிவு அன்றே நின்றது, பேசினான், நர்ஸைக்கூடக் கிண்டலடித்தான். அடுத்த வாரம்தான் மூளை வீங்கி வலது கையும் காலும் செயலிழந்தன. ரத்தம் நின்ற பிறகு ஏன்?

தேங்கிய ரத்தம் சிதைந்து, அதிலிருக்கும் இரும்பு வெளியே வந்து சுற்றியுள்ள செல்களை அரிக்கிறது. இதுதான் என் கட்சி. அவனிடமும் சொன்னேன்.

"அப்போ என் தலைக்குள்ள துருங்கிற. பனி உருக உப்பு போட்ட ரோட்டுல ஓடின நம்ம டிரக் மாதிரி."

சிரித்துவிட்டேன். பிறகு காரில் உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பொடியாக நறுக்கிய துண்டுகளில்தான் இரும்பு அதிகம். பெரிய துண்டுகளில் குறைவு. நறுக்க நறுக்க ஏறுகிறது —

கத்தி! அடக் கடவுளே, எஃகுக் கத்தி! குப்பி, குழாய், மூடி, எல்லாத்தையும் அமிலத்துல ஊறவெச்சுக் கழுவுறோம், தூசியில இருக்கிற இரும்புகூட வந்துடக்கூடாதுன்னு. கடைசியில வெட்டுறது இரும்பால! இத்தனை பட்டம் வாங்கி என்ன பிரயோஜனம்?

பிப்ரவரி 6, வியாழன்

மூளையே இல்லாத வெறும் ஜெல்லை அந்தக் கத்தியால் வெட்டிச் சோதித்தேன். இரும்பு! செராமிக் கத்தியால் வெட்டிய ஜெல்லில் இல்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

புதிய எலிகள், செராமிக் கத்தி. கசிந்த பக்கத்தில் இரும்பு குவிந்து கிடக்கிறது. மறுபக்கம் சுத்தம். நடைபாதையில் ஆடினேன். யார் பார்த்தால் என்ன.

மார்ச் 18, செவ்வாய்

புதிய எலிகளில் பாதிக்கு, இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்து கொடுத்திருந்தோம்; மீதிக்கு வெறும் உப்புநீர். எந்த எலிக்கு மருந்து போனது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அது தெரியாமலேயே, கசிவால் பலவீனமான எலிகளின் கையைச் சோதித்திருந்தோம். சில எலிகள் அந்தக் கையாலேயே சர்க்கரை உருண்டையை எடுத்துத் தின்றன. இன்று ஹூக்ஸ்ட்ரா, மருந்துப் பட்டியல் இருந்த உறையைப் பிரித்துப் படித்தார். எடுத்துத் தின்றவற்றில் ஏறக்குறைய எல்லாமே மருந்து கொடுத்தவை!

"மூடுறதாவது? உனக்கு இன்னொரு ரூம் வேணும். அடுத்து பன்றிங்கள்ல சோதிக்கணும்" என்றார். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

மார்ச் 21, வெள்ளி

ராட்னி வந்து ஒரு செராமிக் கத்தி கடன் கேட்டான். கொடுத்தேன், ரொம்ப மெதுவாக.

ஏப்ரல் 6, ஞாயிறு

டேலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான்.

"எனக்கு லேட்டு, இல்ல?"

"ஆமாண்ணா."

"அடுத்து எவனுக்காவது இப்படி வந்தா?"

"எலியில சரியா வந்திருக்கு. மனுஷங்களுக்கும் வேலை செய்யுமான்னு இன்னும் நிறைய பாக்கணும்."

"அப்புறம் இங்க என்னடி பண்ற? சாப்பிட்டாச்சுல்ல, போய் வேலையைப் பாரு."

போனேன்.