தெற்குக் கம்பி

12 அக்டோபர் 2022, புதன்

திருச்சி அலுவலகத்திலிருந்து கடிதம். டி.வி. கோபுரத்தைக் கழற்றுவதற்கு முன் அதன் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்ப வேண்டுமாம். ஒளிபரப்பு நின்று பத்து மாதமாகிறது. நிலையத்தில் மிச்சமிருக்கும் டெக்னீஷியன் நான் ஒருத்திதான். வேறு யார் எழுதுவது?

1991-இல் நட்டது. அறுநூறு அடி. நார்த்தாமலைக் குன்றில் ஏறி நின்று பார்த்தாலும் தனியாகத் தெரியும். மூன்று திசையிலும் ஸ்டே கம்பிகள் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் நிற்கிறது. கஜா புயலில் வளாகத்துப் புளியமரங்கள் அத்தனையும் விழுந்தன. இது அசையவில்லை.

இதுவரை மளமளவென்று எழுதிவிட்டேன். இந்த வருட ஆகஸ்டைப் பற்றி எழுத வந்ததும் கை ஓடவில்லை.

13, வியாழன்

எழுதவில்லை.

14, வெள்ளி

இங்கேயாவது எழுதுகிறேன்.

தெற்குக் கம்பியைப் பிடித்திருக்கும் கான்கிரீட் கட்டை, சோலையப்பன் அண்ணனின் கடலைக்கொல்லைக்கு நடுவில் இருக்கிறது. ஜூலையில் அதற்குப் பத்தடி தள்ளிப் பண்ணைக்குட்டை வெட்டினார். ஆகஸ்டில் நான் அளந்தபோது கம்பி தளர்ந்திருந்தது.

“எழுதிப்புடாதீங்கம்மா. மூடச் சொல்லிருவாங்க. கெணறு வத்திப்போன கொல்லை இது. இந்தக் குட்டைய நம்பித்தான் இருக்கோம்” என்றார்.

எப்படியும் கழற்றப்போகிற கோபுரம்தானே என்று பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கழற்றுவதற்கு ஆட்கள் ஏறுவார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

தோன்றவில்லையா?

17, திங்கள்

கழற்றும் ஆட்கள் வந்துவிட்டார்கள். மேஸ்திரி சார்லஸ். ஏறப்போகிறவர்கள் பிரசாந்த் என்ற இளைஞரும் அவருடைய மச்சான் திருப்பதியும்.

சார்லஸிடம், “தெற்குக் கம்பிய ஒரு தடவ அளந்து பாத்துருங்க” என்றேன்.

“நீங்கதான் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே மேடம். ஏதும் கோளாறு இருக்கா?”

“இல்ல. சும்மாதான் சொன்னேன்.”

சும்மாதான். இந்த வாயால்தான் சொன்னேன்.

18, செவ்வாய்

பகல் முழுக்க மழை. வேலை இல்லை. நாளை வெயில் அடித்தால் ஏறுவார்களாம். அடிக்கக் கூடாது.

19, புதன்

வெயில் அடித்தது. எட்டரைக்கு இருவரும் ஏறினார்கள். பத்து மணிக்கு சோலையப்பன் அண்ணன் வரப்பில் ஓடிவந்தார். “அம்மா, அங்கிட்டு வந்து பாருங்க.” குட்டை ததும்பி நின்றது. கட்டைக்கும் மண்ணுக்கும் நடுவே என் கை நுழையும் அளவு இடைவெளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பாளம் மண் சரிந்து தண்ணீருக்குள் போனது.

சார்லஸ் கையிலிருந்த வாக்கி டாக்கியைப் பிடுங்கினேன். பதறிச் சொன்னால் அவர்களும் பதறி இறங்குவார்கள்.

“பிரசாந்த், சாமான அங்கயே கட்டிப்போட்டுட்டு எறங்கி வாங்க. ரெண்டு பேரும். ஒருத்தர் பின்னால ஒருத்தரா, மெதுவா.”

“ஏன் மேடம்? இப்பத்தானே ஏறுனோம்.”

“வாங்க, சொல்றேன்.”

முப்பத்தெட்டு நிமிடம். கம்பியையும் பார்க்க முடியவில்லை, அவர்களையும் பார்க்க முடியவில்லை. சோலையப்பன் அண்ணன் யாரும் சொல்லாமலே மோட்டாரைப் போட்டுக் குட்டைத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தார். கடைசி ஏணிப்படியில் திருப்பதியின் கால் வழுக்கியது. அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை.

பிரசாந்த் நேராகக் கட்டைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். பழைய வெடிப்பில் புல் முளைத்திருந்தது. நிமிர்ந்து, “இது நேத்து மழையில வந்ததில்ல. ஒங்களுக்கு எப்பத் தெரியும் மேடம்?” என்றார்.

“ஆகஸ்ட்லயே.”

“தெரிஞ்சேதான் ஏத்திவிட்டீங்களா?”

அவர் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

20, வியாழன்

திருச்சி அதிகாரி நாளை விசாரிக்க வருகிறார். “மழைதான் காரணம்னு சொல்லிருங்கம்மா. யாருக்கும் பொல்லாப்பு இல்ல” என்று சோலையப்பன் அண்ணன் கெஞ்சினார். சார்லஸும் அதையேதான் சொன்னார்.

வரலாற்றுப் பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். ஆகஸ்ட் 9: தெற்குக் கம்பி தளர்ந்திருந்தது. டெக்னீஷியன் சுகுணா அறிந்தே மறைத்தார்.

28 நவம்பர், திங்கள்

ஆளை ஏற்றாமல், வடக்குத் தரிசில் விழும்படி கம்பிகளை அறுத்துச் சாய்த்தார்கள். விழுந்த அதிர்வில் ஆபீஸ் கண்ணாடி இரண்டு உடைந்தது. குட்டையில் பாதியை மூடிவிட்டார்கள். சோலையப்பன் அண்ணன் இப்போது என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். எனக்கு ஊதிய உயர்வு நிறுத்தம், மாற்றல்.

6 மார்ச் 2023, திங்கள்

புது நிலையம். இங்கே கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்க ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள். வேனிலிருந்து பிரசாந்த் இறங்கினார், பின்னால் திருப்பதி.

“நீங்க இங்கிட்டுத்தான் இருக்கீங்கன்னு சொன்னாங்க” என்றார். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். “கோவம் இன்னும் போகல மேடம். அது வேற. இன்னக்கி ஏறலாமா?”

“பாத்துட்டுச் சொல்றேன்.”

மூன்று கட்டைகளையும் மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டு வர இரண்டு மணி நேரமாயிற்று. அதுவரை இருவரும் வேன் நிழலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.