நீங்கள் விட்டுப்போன படகில் யாரோ ஏறுகிறார்கள்

டோர்செட் பார்க்
1996 ஐப்பசி

என் அன்பான இஞ்சாருங்கோ,

இருபத்தேழு வருடம் இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் போன பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடப் பழக எனக்கு மனமில்லை.

இந்தக் கடிதத்தை இங்கே உள்ள எங்கள் தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். படகு வாங்குகிற விசர் இன்னும் யாருக்காவது இருந்தால் படித்துத் தெளியட்டும். எனக்கு உங்களிடம் ஒரே கேள்விதான். மூன்று கோடையாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் படகுக்குப் போய் வந்தீர்களே, அதற்குள் எனக்குத் தெரியாமல் என்ன ஒளித்து வைத்திருந்தீர்கள்?

அந்தப் படகை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஏழடி அகலம், நாற்பதடி நீளம், இரும்பு. புட்டுக்குழலைக் கிடத்தி வைத்தது போல இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த யாரோ ஒருவர் தன் ஊர்க் கால்வாயை நினைத்துக் கட்டியதாம். அஜக்ஸ், விட்பி ஊர்களெல்லாம் தாண்டி 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலம் ஓடி, ஒரு கால்வாய்க் கரையில் கட்டிக்கிடக்கிற இரும்பைப் பார்க்க ஒரு மனிதன் கிழமைக்கிழமை போவானா? அதுவும் தொழிற்சாலையில் ஐந்து நாளும் நின்று முறிந்த மனிதன்?

"வாருமன் நீரும் ஒருநாள்" என்று கேட்டீர்கள்தான். வரமாட்டேன் என்று தெரிந்துகொண்டு கேட்டீர்கள் என்பது என் எண்ணம்.

ஆனியில் நீங்கள் போனீர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த சனிக்கிழமை, உங்கள் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நானே எங்கள் வான் வண்டியை ஓட்டிப் போனேன். எங்கள் மகள் சுமதி, "வித்துப்போட்டு வாங்கோ அம்மா, எங்களுக்கேன் உந்தக் கரைச்சல்?" என்றாள். நானும் விற்கத்தான் போனேன். அதற்கு முன் ஒருதரம் உள்ளே பார்க்க வேண்டும் என்றிருந்தது.

பார்த்தேன். கட்டிலில் இரண்டு தலையணை. அலுமாரியில் இரண்டு கோப்பை. எஞ்சினிலிருந்து படகைத் தள்ளுகிற விசிறிக்குப் போகிற தண்டு வெளியே போகும் இடத்தில் எப்போதும் தண்ணீர் சொட்டும் என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு மாதமாக ஆளில்லாத படகு, ஒரு சொட்டும் இல்லை. அதற்குப் பக்கத்தில், சொட்டை அடைக்கக் கிறீஸ் வைத்துத் திருகுகிற சின்னப் பித்தளை மூடியில் புதுக் கிறீஸ். செத்த மனிதன் எழும்பி வந்து கிறீஸ் போடுவானா?

நான் படகை விற்கவில்லை. விற்றால் கள்ளன் தப்பிவிடுவான் அல்லவா?

முப்பதடி தள்ளி இன்னொரு படகில் வோல்டர் என்கிற வெள்ளைக்காரக் கிழவர், ஒரு கறுப்பு நாயோடு இருக்கிறார். அவர் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டுதரம் கதைக்க வந்தார். இரண்டுதரமும் எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று கையால் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பிறகுதான் அந்த வேலையைச் செய்தேன். சிரிக்காதீர்கள். ஆடிக் கடைசியில், புட்டுக்கு வறுத்து வைத்திருந்த அரிசிமாவில் ஒரு பேணி நிறையக் கொண்டுபோய், எஞ்சினுக்கு மேலே உள்ள படியிலும் நிலத்திலும் தூவிவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை போனால், மாவில் பெரிய சப்பாத்து அடி, பக்கத்தில் நாயின் கால்! கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இன்னும் ஒரு பேணி மாவைத் தூவி, பழைய பூட்டைக் கழற்றி, கட்டைவிரல் தடிப்பில் புதுப்பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை எனக்குக் காய்ச்சல். மழையும் விடாமல் பெய்தது. மூன்றாம் சனிக்கிழமை காலையில் போய் இறங்கினால், படகின் பின்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது, என் பூட்டு வெட்டுண்டு கிடக்கிறது, வோல்டர் உள்ளே முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். நான் "கள்ளன்! கள்ளன்!" என்று தமிழில்தான் கத்தினேன்.

அவர் கோபிக்கவில்லை. ஒரு கையை நீட்டி, "இது என்ன?" என்று கேட்டார். உள்ளங்கையில் வெள்ளைக் களி. பலகை இடுக்கால் வழிந்த மழைத்தண்ணீரோடு இறங்கிய மா, தண்ணீரை வெளியே இறைக்கிற பம்பின் வாயை அப்பிப் பிடித்துவிட்டது. கிறீஸ் மூடியைத் திருக ஆளில்லாமல் சொட்டு ஒழுக்காகிவிட்டது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் உங்கள் படகு கால்வாயின் அடியில் கிடந்திருக்கும். மூழ்கடித்தவள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

என்ன சொல்வது? வெட்கத்தில் ஒரு வாளியை எடுத்து நானும் இறைத்தேன். மத்தியானம் வரை இறைத்தோம். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது.

"உங்களுக்கு எப்படிச் சாவி வந்தது?" என்று கேட்டேன்.

"அவர்தான் தந்தார். போன வருடத்திலிருந்து அவரால் குனிய முடியவில்லையே. குனிந்தால் நெஞ்சு பிடிக்கும். நான் மூடியைத் திருகுவேன். அவர் இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்து படுத்திருப்பார். பிறகு இரண்டு பேரும் தேநீர் குடிப்போம்."

அவர் மெதுவாகச் சொன்னார். உங்களை டொக்டரிடம் போகச் சொன்னாராம். இந்தக் கோடை முடியட்டும் என்றீர்களாம். வீட்டில் சொன்னால் மனைவி அன்றைக்கே படகை விற்றுவிடுவாள் என்றீர்களாம்.

உண்மைதான். அன்றைக்கே விற்றிருப்பேன். விற்றிருந்தால் இப்போது நீங்கள் எனக்கு முன்னால் இருந்து, பால் விடாத பிளேன்ரீ குடித்தபடி, அதற்காக என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பீர்கள். பால் பெட்டியில் திகதியை இரண்டுதரம் பார்க்கிறவள் நான். பக்கத்தில் படுத்திருந்த உங்கள் நெஞ்சைப் பார்க்கத் தவறினேனே! உங்கள் மேல் எனக்குச் சரியான கோபம். அந்தக் கோபம் ஆறுகிறபாடாய் இல்லை.

ஆனாலும் படகை விற்க முடியவில்லை. வோல்டரிடம் கேட்டுக் கேட்டு எல்லாம் பழகிவிட்டேன். முதலில் அவர் சொன்ன எதையும் நம்பாமல் வேறு இரண்டு படகுக்காரரிடம் விசாரித்தேன் என்பது வேறு கதை. படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அந்தப் பித்தளை மூடியை ஒரு சுற்றுத் திருகுங்கள். சமையல் வாயு காற்றைவிடப் பாரம், அது அடித்தளத்தில்தான் போய்த் தங்கும். ஆகவே அடுப்பு மூட்டுமுன் நிலத்தருகே மணந்து பாருங்கள். விசிறியில் பாசி சுற்றினால் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி இடுப்பில் செருகிய பிறகே கையை விடுங்கள். சாவியை வேறொருவர் கையில் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். படகை உள்ளே விட்டுத் தண்ணீரை ஏற்றி இறக்குகிற கதவுத்தொட்டியான லொக்குக்குள் கயிற்றைக் கட்டிவிடக் கூடாது. தூணில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்து விட்டுக்கொடுக்க வேண்டும். கட்டினால் தண்ணீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கும். முதல் உறைபனிக்கு முன் குழாய்த் தண்ணீரையெல்லாம் வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் குழாய் வெடிக்கும். அரிசிமாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

நேற்று சுமதி வந்தாள். என் குளிர்க்கோட்டை எடுத்துக் கொக்கியில் கொழுவப் போனவள் அப்படியே நின்றாள்.

"அம்மா, சனிக்கிழமையிலை நீங்கள் கோயிலுக்குத்தானே போறனீங்கள்?"

"ஓம் பிள்ளை."

"கோயிலிலை டீசல் மணக்குமே?"

படகு விற்றாகிவிட்டது என்று அவளுக்கு ஆவணியிலேயே சொல்லியிருந்தேன். கோட்டை அவள் கையிலிருந்து வாங்கி நானே கொழுவினேன். பிறகு, "எனக்கென்ன பிள்ளை, நான் நல்லாய்த்தான் இருக்கிறன்" என்றேன். அவள் கேட்டது அதையல்ல. நான் உங்களைப் பார்த்த அதே பார்வையால் அவள் என்னைப் பார்த்தாள்.

இஞ்சாருங்கோ, உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். லொக்குக் கதவைத் திறக்கிற இரும்புப்பிடியைச் சுற்றும்போது என் இடது தோளில் ஒரு நோவு வருகிறது. புரட்டாதி தொடக்கம் வருகிறது. சொன்னால் சுமதி படகை விற்கச் சொல்லுவாள் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

இதை எழுதிய பிறகு வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். வெட்டவில்லை. பத்திரிகை வெள்ளிக்கிழமை வரும், சுமதி படிப்பாள். அவள் அதைப் பத்திரிகையில் பார்த்து அறியக் கூடாது. அதற்கு முன் நானே அவளைக் கூப்பிட்டுச் சொல்லுவேன், டொக்டரிடமும் அவளோடுதான் போவேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. நீங்கள் எனக்குத் தராமல் போன வாக்கு.

உங்கள் மனைவி,
சுமதியின் அம்மா,
மகேஸ்வரி