இதர விஷயங்கள்: இல்லை

அண்ணே,

இன்று காலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் நகச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த நெடியில் நான் எழுந்து வேறு இருக்கைக்குப் போனேன். நகலெடுக்கத் தட்டச்சு செய்யும் ஸ்டென்சில் தாளில் பிழை திருத்தப் பூசுவோமே, அந்தச் சிவப்பு மருந்தின் அதே நெடி. அதைப் பூசித்தான் உங்கள் பேச்சை நான் அழித்தேன்.

கோலா குபு பாருவில் அந்தக் கட்டுமானக் குத்தகை நிறுவனத்தில் நீங்கள் சைட் சூப்பர்வைசர். பட்டம் வாங்கிய கையோடு வந்த எனக்குக் கூட்டங்களில் குறிப்பெடுக்கும் வேலை. தோட்டத்துக் குளக்கரையை மழைக்கு முன் உயர்த்திவிட வேண்டும் என்று மேனேஜர் குதித்துக்கொண்டிருந்த நாளில், கூட்டத்தில் நீங்கள் எழுந்தீர்கள்.

"பழைய கோலா குபு எப்படிப் போச்சு சார்? அணை உடைஞ்சுதானே? மிஞ்சுற தண்ணி வெளியேற முதல்ல வாய்க்கால் வெட்டுவோம். ரெண்டு வாரம் கொடுங்க."

"நீ என்ன, ஹிஸ்டரி வாத்தியாரா லா?"

மேனேஜர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள்.

"வாத்தியார் பாடம் முடிஞ்சா வீட்டுக்குப் போயிடுவாரு சார். எங்க அக்கா வீடு அந்தக் கரைக்குக் கீழ இருக்கு."

நான் தட்டச்சு செய்ததைப் பார்த்த மேனேஜர், "இதை அழிச்சிட்டு, இதர விஷயங்கள்ங்கிற இடத்துல இல்லைன்னு போடும்மா" என்றார். நான் மருந்து பூசுவதை வாசலில் நின்று பார்த்தீர்கள். "விடும்மா, உன் வேலை போயிடக் கூடாது" என்றீர்கள்.

அடுத்த மாதம் ஒரு பிற்பகல் மழையில் கரை உடைந்தது. நீங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு ஓடி வீடு வீடாகத் தட்டி எல்லோரையும் மேட்டுக்கு அனுப்பினீர்கள். நீங்கள் மட்டும் ஏறி வரவில்லை.

"சூப்பர்வைசர் எச்சரிக்கவே இல்லை, குறிப்பைப் பாருங்கள்" என்றார் மேனேஜர் விசாரணையில். உங்கள் பேச்சு முழுவதும் இருந்த சுருக்கெழுத்து நோட்டு என் கைப்பையில் இருந்தது. எங்கள் வீட்டில் முதல் மாதச் சம்பளக்காரி நான். வாய் திறக்கவில்லை.

மூன்று வருடம் ஆகிறது. இப்போது கோலா சிலாங்கூரில் வேறொரு நிறுவனத்தில் திட்ட அதிகாரியாக இருக்கிறேன். உலகத்துப் பேரழிவுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். முன்பே சொன்ன ஒருவரும் அவர் வாயை அடைத்த ஒருவரும் அநேகமாக எல்லாவற்றிலும் இருந்தார்கள். எங்களிடம் குத்தகை வேலை கேட்டு வருகிறவர்கள் நிரப்ப ஒரு தாள் தயாரித்தேன். முன்பு எது உடைந்தது, யார் எச்சரித்தார், அவரை யார் தடுத்தார். மேலதிகாரிகள் பாராட்டினார்கள். ஒரே ஆளைப் பிடிக்கத்தான் செய்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

போன வாரம் அந்த மேனேஜர் வந்தார். இப்போது சொந்தமாகச் சின்னக் குத்தகை எடுக்கிறார்.

"அட, நம்ம பொண்ணு!"

தாளைப் படித்ததும் குரல் இறங்கிவிட்டது. "பழசை ஏம்மா கிளறுறே?"

அந்தச் சுருக்கெழுத்து நோட்டை மேசைமேல் வைத்தேன். "எழுதுங்க சார்."

உங்கள் பெயரை எழுதினார். நீங்கள் சொன்னதை எழுதினார். தடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதினார். கண்ணெடுக்காமல் பார்த்தேன். இனித்தது, அண்ணே.

கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அழிச்சது யாரும்மா? தாள்ல அதுக்கு இடமே இல்லையே."

பேனாவை வாங்கி அடியில் என் பெயரை எழுதினேன். வேலையை அவருக்குக் கொடுக்கவில்லை. இனி அவர் போய்க் கேட்கும் இடத்துக்கெல்லாம் அந்தத் தாளின் நகல் போகும்.

ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தோட்டம் இருக்கும் ராசாவுக்குப் போய் உங்கள் அக்காவிடம் தாளைத் தமிழில் வாசித்துக் காட்டினேன், என் பெயர் வரைக்கும். அவர் அழவில்லை.

"ஊரே என் தம்பியைத் திட்டுச்சு. அத்தனையும் கேட்டுக்கிட்டு நான் இங்கதான் இருந்தேன். நீ எங்கம்மா இருந்தே?"

அந்த ஆள் மேல் எனக்குள்ள ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம். அதோடு அக்காவின் கேள்வியையும் சுமந்துகொண்டுதான் பஸ் ஏறினேன், அண்ணே.